தலைகீழ் நேரம்

சங்குகூடத் தெருவில் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது தன் கடை வெங்காய மூட்டைதான் என்று மளிகைக்கடை ஆழ்வாரப்பன் சொல்வார். இல்லை, எங்கள் வீட்டு அடைகோழிதான் பதினோரு முட்டைகளோடு சேர்ந்து முதலில் எழும்பியது என்று மூன்றாம் வீட்டு ரஞ்சிதம் சொல்வாள். இரண்டு பேரும் இன்றுவரை இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எது முந்தியது என்பதில்தான் தெருவுக்குள் தகராறே தவிர, எழும்பியதில் யாருக்கும் தகராறு கிடையாது. மாசி மாதத்துச் சாயங்காலம், மணி ஐந்தேகால், கடற்காற்று கொஞ்சம் தணிந்திருந்த நேரம், தெரு முடிந்து கைவிடப்பட்ட உப்பளம் தொடங்குகிற இடத்தில் நின்றுகொண்டு கிரேன் அண்ணாச்சி ஒரு ரிமோட் விமானத்தை விட்டுத் தன் வாழ்க்கையின் முதல் லூப்பை அடித்தார். கையிலிருந்த ரிமோட்டின் குச்சியை அவர் பதமாக இழுக்க, அந்தச் சின்ன விமானம் மூக்கை நிமிர்த்தி ஏறி, உச்சியில் மல்லாந்து, ஒரு பெரிய வட்டம் போட்டுக் கீழே வந்தது. அது மல்லாந்திருந்த மூன்று நொடிக்குத் தெருவில் இருந்த ஆட்கள், அண்டா குண்டா, கட்டில், கோழி, குழாயடியில் வரிசையாக நின்ற குடங்கள் எல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்று, விமானம் நிமிர்ந்ததும் பழுத்த இலை இறங்குவதுபோல இறங்கின. இறங்கிய பிறகு குழாயடியில் நின்ற பெண்கள் செய்த முதல் காரியம், அவரவர் குடம் அவரவர் இடத்தில்தான் இறங்கியிருக்கிறதா என்று பார்த்ததுதான்.

அண்ணாச்சியின் முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக் கேபினில் உட்கார்ந்து, கைக்கொரு குச்சியாகப் பிடித்து, இழுத்தால் சுமை மேலே, தள்ளினால் சுமை கீழே என்று இழுத்தும் தள்ளியுமே தலை நரைத்தவர். நாற்பது டன் பெட்டியை முட்டை வைப்பதுபோல வைப்பார் என்று துறைமுகத்தில் பேர். அவர் ஓய்வு பெற்ற அதே வருடம் அவர் மனைவி தங்கபுஷ்பம் மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து, கைப்பிடிச்சுவர் இல்லாத பக்கமாக விழுந்தாள். உயிர் தங்கியது, கைகள் தங்கின, இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

இரண்டு வருடம் படுத்தே கிடந்ததில் அவளுக்கு முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உள்ளே உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குப் புண் வந்திருந்தது. திங்களும் வியாழனும் கட்டுப் போட வருகிற நர்ஸ் பாக்கியம் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க அண்ணாச்சி. ஒடம்பு பாரம் அதுமேல படவே கூடாது. எலும்பு வரைக்கும் போயிட்டுன்னா பெறவு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆறிட்டுன்னா அக்காவை நாற்காலியில உக்கார வச்சிரலாம்."

"எனக்குத்தான் அங்க வலிக்கவே இல்லியே பாக்கியம்" என்பாள் தங்கபுஷ்பம்.

"அதான் எனக்கு பயமே."

அண்ணாச்சி திருப்பிப் போடத்தான் செய்தார். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் விரிப்பு புண்ணில் உரசியது, ஆறத் தொடங்கிய ஓரம் மறுபடி கசிந்தது. முப்பத்தோரு வருடம் ஒரு பெட்டியைக்கூட டங்கென்று வைக்காத கை, பெண்டாட்டியை நோகாமல் திருப்பத் தெரியாமல் தடுமாறியது. புண்ணைத் தன் கண்ணால் பார்க்க முடியாத தங்கபுஷ்பம் அதை அவர் முகத்தில்தான் பார்த்தாள். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"காவக்காரன் மாதிரி இப்பிடி என் காலடியிலேயே கெடந்தா ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். எதுத்த வீட்டுப் பியூலா பிளேன் விடுதாளாமே, போயி அது எப்பிடிப் பறக்குன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்று விரட்டினாள்.

பியூலா ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருந்தாள். பொறியியல் கல்லூரியில் படித்தபோது பழகிய பழக்கம், கடையில் மிஞ்சுகிற சன்பேக் பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி ஒட்டி, பேட்டரியும் மோட்டாரும் பூட்டி விமானம் செய்வாள். அதனால் அவள் விமானங்களின் இறக்கையில் யாருடைய பூப்புனித நீராட்டு விழாவோ யாருடைய திறப்பு விழாவோ பாதிப் பாதியாக அச்சாகியிருக்கும். பார்க்க வந்த அண்ணாச்சியிடம் மரியாதைக்கு ரிமோட்டை நீட்டியவள், அவர் இரண்டு குச்சியையும் இரண்டு கட்டைவிரலால் தொட்ட விதத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப வாங்கவில்லை.

ஒரே வாரத்தில் அவர் நேராக ஓட்டினார், வளைத்தார், இறக்கினார். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலதாக மாறிப்போகும், அதில்தான் புதிதாகப் பழகுகிற எல்லாரும் விழுவார்கள். அதுகூட அண்ணாச்சிக்குச் சிரமமாக இல்லை. மூன்றாவது வாரம்தான் லூப். "வேகம் கூட்டுங்க, பதமா இழுங்க, உச்சிக்குப் போனதும் வேகத்தைக் குறைங்க" என்று பியூலா சொல்ல, அவர் செய்ய, ஆழ்வாரப்பனின் வெங்காயமோ ரஞ்சிதத்தின் கோழியோ எழும்பியது.

விமானத்தைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு ஓடிவந்தவரிடம் தங்கபுஷ்பம் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இப்பம் எம் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவுல காத்து போச்சுங்க."

அவர் அவள் கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்று போக வேண்டும், காற்று போக வேண்டும் என்று இரண்டு வருடமாக எத்தனை தலையணையை அடைத்து எத்தனை விதமாக முட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுதார்.

மறுநாள் பியூலா அதே விமானத்தை அதே இடத்தில் நின்று பதினைந்து லூப் அடித்துப் பார்த்தாள். தெருவில் ஒரு தூசிகூட எழும்பவில்லை. அண்ணாச்சி வாங்கி ஒன்றே ஒன்று அடித்தார், இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டி தேய்ப்புத்துணியோடு எழும்பி நின்றது. அவர் கைக்குத்தான் அது என்று ஆகிவிட்டது. ஏன் அவர் கைக்கு, ஏன் இந்தத் தெருவுக்கு மட்டும், கடைசி மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஏன் ஒன்றும் எழும்புவதில்லை என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் ஏன் ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது என்பதற்கே பதில் தெரியாத தெரு அது, இதற்கா பதில் தேடப்போகிறது.

ஆனால் ஏற்பாடு என்று வந்துவிட்டால் சங்குகூடத் தெருவை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் வாரமே சட்டிக்கும் பானைக்கும் மூடி போட்டுக் கயிற்றால் கட்டும் வழக்கம் வந்தது. தண்ணீர் வருகிற நேரத்தில் விமானம் விடக் கூடாது, ஏனென்றால் குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் குடத்துக்குள் இறங்காமல் பந்து பந்தாகத் தெருவில் மிதந்து, வேண்டாதவர்கள் வீட்டுக்குள்ளெல்லாம் போய்விடுகிறது. காலையில் ஏழேகால், மாலையில் ஐந்தேகால் என்று இரண்டு வேளை முடிவாயிற்று. அதற்குத் தலைகீழ் நேரம் என்று பேரும் வந்தது. தூரத்து உப்பளங்களில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருகிற பெண்கள் அந்த நேரத்துக்குச் சரியாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். எழும்பி நிற்கிற அந்த மூன்று நொடியில் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்காருகிறது என்று சொன்னார்கள். வாசலுக்கு வாசல் இடுப்பு உயரத்தில் கப்பல் கயிறு கட்டினார்கள், எழும்பியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்வரலாம் என்று. மூன்று நொடியில் எங்கே போய்வருவது என்று யாராவது கேட்டால், "அண்ணாச்சி பழகப் பழக நேரம் கூடும்லா" என்று பதில் வந்தது. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் கையில் படிவத்தோடு விசாரிக்க வந்தார். படிவத்தில் இதற்கென்று இடம் இல்லாததால் எதையும் எழுதாமல், ஐந்தேகால் வரைக்கும் இருந்து ஒரு தடவை எழும்பிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆழ்வாரப்பன் ஒருத்தர்தான் எதிர்ப்பு. தராசில் இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் அந்த நேரத்தில் முள் அசைய மாட்டேன் என்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

"எடையே இல்லாத சாமானை நான் எப்பிடிய்யா நிறுத்துக் குடுக்க? பொம்பளைய எல்லாம் கரெக்டா அஞ்சேகாலுக்குத்தான் புளி வாங்க வருதாளுவ!"

அண்ணாச்சி அவரை உட்கார வைத்துப் பேசினார். துறைமுகத்தில் விசில் ஊதாமல் ஒரு சுமையும் எழும்பாது, இறங்காது. அடியில் யார் நிற்கிறார்கள் என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது, கீழே நிற்கிற ஆள் சொன்னால்தான் உண்டு. "தெருவுக்கு நீருதான்வே அந்த ஆளு. எழும்புததுக்கு ரெண்டு விசிலு, எறங்குததுக்கு நீளமா ஒரு விசிலு" என்று ஒரு பித்தளை விசிலை அவர் கழுத்தில் மாட்டினார். அன்றைக்கு மாறினவர்தான் ஆழ்வாரப்பன். ஐந்தேகாலுக்குக் கடையை ஒருச்சாய்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுத்தெருவில் நின்று விசில் ஊதினார். அவருடைய சத்தத்துக்குக் கட்டுப்பட்டுத் தெருவே எழும்புவதைப் பார்க்கிற சுகம் புளியைவிடப் பெரிதாக இருந்தது.

இப்படித் தெருவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, தங்கபுஷ்பத்துக்குத்தான் சரியாகவில்லை. பேட்டரி எட்டு நிமிடம் தாங்கும். எட்டு நிமிடத்துக்கு முப்பது லூப் அடித்தாலும் மூன்று மூன்று நொடியாகத்தான் காற்று போனது, அதற்குள் ஏறி இறங்கி ஏறி இறங்கித் தெருவில் பாதிப் பேருக்கு வாந்தி வந்தது. பாக்கியம் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புண் பெரிதாகவில்லை, ஆனால் சிறிதாகவும் இல்லை என்றாள். சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம், இரண்டு வேளையும், பாரமில்லாமல் இருந்தால் மேலே தோல் கூடும் என்றாள். அதற்கு விமானம் மல்லாந்தபடியே நேராகப் பறக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் மழை வந்து உப்பளம் நிரம்பிவிடும், பிறகு தை வரைக்கும் பறக்க இடம் கிடையாது. அதற்குள் ஆற வேண்டும்.

"சுளுவுதான் அண்ணாச்சி" என்றாள் பியூலா. "மூக்கை இத்தினியூண்டு தூக்கிட்டு, பக்கவாட்டுல உருட்டிப் பாதி ரோல் போட்டு மல்லாத்துங்க. மல்லாந்ததும் மூக்கு தரையைப் பாக்கும். அப்பம் இழுக்கக் கூடாது, தள்ளணும். நிமுந்து பறக்கையில இழுத்தா மேல போவும்லா, மல்லாந்தா எல்லாம் திருப்பி. இழுத்தா நேரா தரைக்குத்தான்."

கேட்க சுளுவுதான். அண்ணாச்சிக்கும் புத்தியில் ஏறிவிட்டது. வீட்டில் சோறு தின்னும்போதும் தள்ளணும், தள்ளணும் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் கீழே போகிற எதைக் கண்டாலும் இழுத்துத் தூக்குகிற கை அது; முப்பத்தோரு வருடமாகச் சுமை இறங்கினால் இழு, இறங்கினால் இழு என்று பழகிய கை. மல்லாந்த விமானம் மூக்கைத் தாழ்த்தியதும் புத்தி "தள்ளு" என்று சொல்லி முடிப்பதற்குள் கை இழுத்துவிடும், விமானம் உப்புத்தரையில் போய்க் குத்தும். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது விமானங்கள் போயின. பியூலா புதிது புதிதாக வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். குத்துகிறபோதெல்லாம் தெருவும் இலைபோல இறங்காமல் பொத்தென்று விழுந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி எழும்பி விழுந்ததால் பெரிதாகப் பழுதில்லை, நாலைந்து தட்டும் ஒரு கடிகாரமும்தான் உடைந்தன.

பத்தாவது விமானம்தான் வினையாகிப்போனது. அன்றைக்குக் கை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. பியூலா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே வந்தாள், நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஏழு நொடிக்கு விமானம் மல்லாந்தே பறந்ததில் தெரு ஒரு சாணைத் தாண்டி ஒரு முழம் எழும்பிவிட்டது. உப்பளப் பெண்கள் சந்தோஷத்தில் குலவை போட்டார்கள். எட்டு என்று சொல்லும்போது மூக்கு தாழ்ந்தது, "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று பியூலா கத்தினாள், கை இழுத்தது.

ஒரு முழத்திலிருந்து தங்கபுஷ்பம் கட்டிலில் விழுந்தாள். அவளுக்கு வலிக்கவில்லை. அண்ணாச்சி வந்து பார்க்கும்போது விரிப்பு நனைந்து, ரத்தம் கட்டில் சட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றோடு அவர் ரிமோட்டைத் தொடவில்லை. பாக்கியம் தினமும் வந்தாள். ஏழேகாலும் ஐந்தேகாலும் வந்து வந்து போயின. ஆழ்வாரப்பன் கழுத்தில் விசிலோடு வாசலில் நின்றுவிட்டு உள்ளே போனார். எடையெல்லாம் திரும்பி வந்து தராசு முள் சரியாக நின்றது, அவருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. சட்டி மூடிகளை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. பதினோரு நாள் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், ஒருக்களித்துப் படுத்திருந்த தங்கபுஷ்பம் அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மேல கேபின்ல இருந்தா ஒங்களுக்குக் கீழ என்ன தெரியும்?"

"இப்பம் எதுக்கு அது?"

"சொல்லுங்கன்னா சொல்லணும்."

"சுமை தெரியும். கம்பியில தொங்குத சுமை. வேற என்ன?"

"சரி. இப்பம் பிளேன்ல இருக்கியன்னு வச்சுக்கிடுங்க. அதுதான் ஒங்க கேபினு. மல்லாந்து கெடக்கிய, தலைக்கு நேர கீழ நம்ம தெரு தொங்குது. வீடு, கடை, கோழி, நான், எல்லாம் ஒங்க கம்பியிலதான் தொங்குதோம். தெரு மேல மேல வருது, கேபினை இடிக்கப் போவுது. என்ன செய்விய?"

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "இறக்குவேன்."

"இறக்குங்க பாப்பம்."

அவருடைய வலது கை கட்டில் விரிப்பின் மேல் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, அங்கே இல்லாத ஒரு குச்சியைப் பிடித்தன. பிடித்து, மெதுவாக, அரைவிரல் அளவுக்கு, முன்னால் தள்ளின. அவர் தன் கையை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

"அம்புட்டுதான்" என்றாள் தங்கபுஷ்பம். "கையை மாத்தாதிய. அது நல்ல கை. நீங்க நிக்கிற எடத்தை மாத்துங்க."

"மறுபடி நீ விழுந்துட்டன்னா?"

"விழுந்தா விழுதேன். இப்பிடியே கெடந்தாலும் எலும்புக்குத்தான போவும். முப்பத்தோரு வருசத்துல ஒரு பெட்டியைக் கீழ போட்டியளா நீங்க? அந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும், வேற யாரையும் எனக்குத் தெரியாது."

அன்று ஐந்தேகாலுக்கு ஆழ்வாரப்பன் ஊதிய இரண்டு விசிலும் கொஞ்சம் நடுங்கித்தான் கேட்டது. பியூலா ஒட்டி வைத்திருந்த பதினோராவது விமானத்தை அண்ணாச்சி நன்றாக மேலே கொண்டுபோய் மல்லாத்தினார். மூக்கு தாழ்ந்தது. தரை மேலே வந்தது, சங்குகூடத் தெரு இருபத்துமூன்று வீடுகளோடு கேபினை நோக்கி ஏறி வந்தது, கை அதைப் பதமாக இறக்கியது. பியூலா எண்ணினாள். பத்து, இருபது, நாற்பது. அறுபதுக்கு மேல் அவள் எண்ணவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். விமானம் யார் வீட்டுத் திறப்பு விழாவையோ வானத்துக்குக் காட்டியபடி மல்லாந்தே கிழக்கே போய், மல்லாந்தே வளைந்து, மல்லாந்தே மேற்கே வந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கூவுகிறவரைக்கும் பறந்து, நீள விசிலுக்குப் பிறகு மெதுவாக நிமிர்ந்தது. ஒரு முழத்துக்கு மேல் போகாமல் நின்றிருந்த தெரு இலை இலையாக இறங்கியது. தங்கபுஷ்பம் கட்டிலில் இறங்கியது அவளுக்கே தெரியவில்லை, கண்ணை மூடிப் படுத்திருந்தவள் "எறங்கிட்டமா?" என்று கேட்டாளாம்.

அதற்குப் பிறகு சித்திரை, வைகாசி, ஆனியில் மேல்காற்று புழுதியை வாரி அடித்தபோதும் காற்று ஓய்கிற இடைவெளி பார்த்து, ஆடி, ஆவணி என்று ஒரு வேளை விடாமல் அண்ணாச்சி பறந்தார். ஐந்து நிமிடத் தலைகீழ் நேரத்துக்குள் தெரு என்னென்னவோ செய்யப் பழகிக்கொண்டது. கயிற்றைப் பிடித்து ஆட்கள் வீடு வீடாகப் போய்வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களை ஐந்தேகாலுக்கு வரச் சொன்னார்கள், ஒரு முழம் எழும்பும்போது முகம் சுளிக்கிற மாப்பிள்ளை நம் தெருவுக்குச் சரிப்பட மாட்டான் என்று. ரஞ்சிதத்தின் கோழி அடுத்த அடைக்கும் பதினோரு முட்டையில் உட்கார்ந்து, மிதந்தபடியே அத்தனையையும் பொரித்தது. அந்தக் குஞ்சுகள் எழும்பும்போது கத்தாமல் இறங்கும்போது கத்தின. புண்ணோ எலுமிச்சம்பழத்திலிருந்து நெல்லிக்காயானது, நெல்லிக்காயிலிருந்து புளியங்கொட்டையானது. புரட்டாசிக் கடைசி வியாழன் பாக்கியம் கட்டைப் பிரித்தவள் மறுபடி கட்டவில்லை.

"தோல் மூடிட்டு. ஆனா பச்சைப்புள்ளைத் தோலு மாதிரி இருக்கு" என்றாள். "நாற்காலியில பத்து நிமிசம் உக்காரலாம். தூக்கி இழுத்து வைக்கையில உரசினாலோ, பொத்துன்னு வச்சாலோ பிஞ்சிரும். அம்புட்டும் போச்சு."

யாரும் தூக்கி வைப்பதாக இல்லை. தலைகீழ் நேரத்தில் நாற்காலிக்கு மேலே கொண்டுவந்து, இறங்குகிற நேரத்தில் தானாக இறங்க வைப்பது என்று முடிவாயிற்று. வானம் வடகிழக்கில் கறுத்துக் கிடந்தது. அதிகம் போனால் இன்னும் ஒருநாள், இரண்டு நாள்தான். வெள்ளிக்கிழமை என்று வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே நாற்காலியைப் போடலாம் என்றார் அண்ணாச்சி. தங்கபுஷ்பம் கேட்கவில்லை.

"கடைசிக் கம்பத்தடியில போடுங்க. பிளேன் எப்பிடிப் பறக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னு சொன்னதோட சரி. நான் இன்னும் பாக்கல."

ஐந்தேகால். இரண்டு விசில். அண்ணாச்சி கடைசிக் கம்பத்துக்கு ஓர் அடி தள்ளி, உப்பளத்தில் நின்றபடி விமானத்தை மல்லாத்தினார். அவருக்குப் பின்னால் தெரு எழும்பியது. கண்ணை எடுக்கக் கூடாது. மல்லாந்து பறக்கிற விமானத்தை விட்டு அரைநொடி கண்ணை எடுத்தாலும் எது மேல் எது கீழ் என்று பிடிபடாது, பிறகு எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது. அதனால் பின்னால் நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. நான்கு பெண்கள் அவளைப் பிடித்துக் கொண்டுவருவதாகத்தான் பேச்சு. வாசல் நிலையைத் தாண்டியதும் தங்கபுஷ்பம் அவர்கள் கையை விலக்கிவிட்டு, கப்பல் கயிற்றைத் தானே பிடித்தாள். ஒரு கை, அடுத்த கை, ஒரு கை, அடுத்த கை. கால்கள் வேண்டாத நேரம் அது, தெருவில் ஒருத்தர் காலும் தரையில் இல்லை. இரண்டு வருடமாக முழங்கையை ஊன்றி ஊன்றி உரமேறிய கைகள் அவளிடம்தான் இருந்தன. ஏழு வீடுகளைத் தாண்டித் தங்கபுஷ்பம் தன்னந்தனியாக வந்தாள். யாரும் குலவை போடவில்லை.

அந்த அமைதியைத்தான் அண்ணாச்சி முதலில் கேட்டார். பிறகு இடப்பக்கம் புண் மருந்தும் குட்டிக்கூரா பவுடரும் கலந்த வாசனை வந்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"பாக்க முடியாது தங்கம். கண்ணை எடுக்கக் கூடாது."

"நீங்க பாக்காண்டாம். நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." விமானம் மல்லாந்தபடி ஒரு சுற்று சுற்றி வந்தது. "நல்லாதாங்க பறக்கு" என்றாள் பிறகு.

கம்பத்தில் கட்டிய நாற்காலிக்கு மேலே அவள் மிதந்துகொண்டிருந்தாள். ரஞ்சிதமும் பாக்கியமும் சேலையைச் சரிசெய்து, கால்களை மடக்கிப் பிடித்தார்கள். ரிமோட் கூவத் தொடங்கியது. "நேரா இருக்கு, நேரா இருக்கு" என்று ஆழ்வாரப்பன் குரல் கொடுத்தார். பிறகு நீளமாக ஒரு விசில். இதுவரை அடித்த எந்த ரோலையும்விட மெதுவாக அண்ணாச்சி விமானத்தைத் திருப்பத் தொடங்கினார். மெதுவாகத் திருப்பினால் பாதி வழியில் விமானம் சறுக்கும், சறுக்குவதைத் தாங்க வேண்டும், திருப்பவும் வேண்டும்; ஒரு இறக்கை எழும்ப, ஒரு இறக்கை தாழ, மூக்கு மேகத்துக்கு நேரே ஓர் இம்மியும் அசையாமல் நின்றது. உதட்டைக் கடித்திருந்தார். கண்ணில் நீர் நிரம்பி விமானம் இரண்டாகத் தெரிந்தது, இரண்டில் எது நிஜமோ அதைக் கை பிடித்துக்கொண்டது. பின்னால் அண்டா குண்டாக்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுகிற சத்தம் கேட்டது. இடப்பக்கம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

விமானம் நிமிர்ந்தது. அவர் அதை வளைத்துக் கொண்டுவந்து உப்புத்தரையில் இறக்கினார். அது கொஞ்ச தூரம் ஓடி, இறக்கையைச் சாய்த்து நின்றது. நின்ற பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையும் குச்சிகளை விடவில்லை. திரும்ப அவருக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் எம்புட்டு நேரம் அதையே பாப்பிய?" என்று தங்கபுஷ்பத்தின் குரல் கேட்டது. "இங்க பாருங்க."

அந்தக் குரல் கட்டிலின் உயரத்திலிருந்து வரவில்லை. அதைவிட மேலே, அவர் நெஞ்சுக்கு நேரே வந்தது. அண்ணாச்சி திரும்பினார். தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள்.